பவரா, மெதுவா? உங்க மூச்சைக் கேளுங்க

"யோகா ஆரம்பிக்கப் போறேன்"னு ஹாஸ்டல்ல சொல்லிப் பாருங்க. "வியர்க்கிற யோகாவா, தூங்குற யோகாவா?"ன்னு உடனே கேட்பாங்க. பவர் யோகா, வின்யாசான்னா நிக்காம ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததுக்குப் போறது. மெதுவான யோகான்னா தலையணை, போர்வை எல்லாம் வச்சு ஒரே நிலையில அஞ்சு நிமிஷம் இருக்கிறது. முதலாவது நமக்கு, இரண்டாவது தாத்தா பாட்டிக்குன்னு நாமே பிரிச்சு வச்சிருக்கோம். இந்தப் பிரிவினை தப்புங்கிறதுதான் என் கருத்து.

கொஞ்சம் வரலாறு பார்க்கலாம். 1930-களில் கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் யோகா சொல்லிக் கொடுத்தார். மாணவர்களில் பலர் துறுதுறு சிறுவர்கள். அவர்களுக்குக் குதிச்சு, தாவி, மூச்சோட சேர்ந்து ஓடுற வரிசைகள். அவரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் அந்த வழியை அஷ்டாங்க வின்யாசமாக வளர்த்தார். பவர் யோகாவின் வேர் அதுதான். இன்னொரு மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார். சின்ன வயசில் காசநோயால் நலிந்தவர். ஆசனத்தில் நிலைச்சு நிக்கிறதுக்கும், கட்டை, பெல்ட், நாற்காலி போன்ற துணைகளுக்கும் முக்கியத்துவம் கொடுத்தார். 1950-களில் சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சாரியாரோ, வந்தவங்களோட வயசு, உடல்நிலை பார்த்து ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கற்பித்தார். அதைத் தொடர்ந்த அவர் மகன் தேசிகாச்சார் நம்ம ஆளு, இன்ஜினியரிங் படிச்சவர்!

ஆசிரியர் ஒருத்தர்தான். எதிரில் நின்ற உடம்புதான் வேற வேற. அப்போ "எது உசத்தி?"ங்கிற கேள்வியே நிக்காது. "இன்னைக்கு என் உடம்புக்கு எது?"ங்கிறதுதான் கேள்வி.

ஆனா நாம எப்படித் தேர்வு பண்றோம்? எதிலும் ஜெயிக்கணும்னு நினைக்கிறவன் கஷ்டமானதை எடுக்கிறான். நகரவே சோம்பல் படுறவன் மெதுவானதை எடுக்கிறான். பெரும்பாலும் ரெண்டு பேருக்கும் தேவை எதிர்ப்பக்கம்தான்.

புராஜெக்ட் ரிவ்யூ வாரத்தில் நாலு மணி நேரத் தூக்கத்தோட ஐம்பது சூரிய நமஸ்காரம் போடுறது வீரம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் உடம்பின் எடை கைகளில் இறங்குது. களைச்சதும் நிலை குலையும். மணிக்கட்டும் தோளும் அடி வாங்கும். அதே சமயம், செமஸ்டர் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ந்துட்டு மெதுவான யோகா மட்டும் போதும்னும் சொல்ல மாட்டேன். இறுக்கம் தளரும், மனசு அடங்கும். ஆனா தெம்பு ஏற, இதயத் துடிப்பும் கொஞ்சம் ஏறணும்.

எப்படி முடிவு பண்றது? மூச்சை வச்சுத்தான். வேகமா செய்யும்போதும் மூக்கு வழியா சீரா மூச்சு வந்தா தொடருங்க. வாய் திறந்து வாங்கினாலோ, உங்களை அறியாமலே மூச்சைப் பிடிச்சாலோ வேகத்தைக் குறைங்க. மெதுவான ஆசனத்தில் ரெண்டாவது நிமிஷமே கை போனைத் தேடுதா? அப்போ அந்த ஆசனம் உங்களுக்குக் கட்டாயம் வேணும். முதுகு வலியோ பழைய காயமோ இருந்தா வீடியோவை நம்பாம டாக்டரிடம் கேட்டுட்டு, நேரில் ஒரு ஆசிரியரிடம் கத்துக்கோங்க.

நாளைக்குக் காலையில மேட் விரிக்கும்போது, நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்கன்னு முதல்ல பாருங்க. எந்த வீடியோன்னு அப்புறம் தேடலாம்.