ஸ்மார்ட் போர்டு முழிச்சிருக்கு, வகுப்பு தூங்குது

எந்தக் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்தாலும் 'ஸ்மார்ட் கிளாஸ்ரூம்' என்று ஒரு வரி இருக்கும். உள்ளே போய்ப் பாருங்கள் மக்களே. கரும்பலகையில் எழுதிப் போட்டதை இப்போது பவர்பாயிண்டில் ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். சொல்லப்போனால் கரும்பலகையே தேவலை. வாத்தியார் எழுதி முடிக்கிற வரைக்குமாவது யோசிக்க நேரம் கிடைக்கும். ஸ்லைடு வந்த வேகத்தில் போய்விடுகிறது.

கருவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. கணினி பிள்ளையை ஆட்டி வைக்கக்கூடாது, பிள்ளைதான் கணினியை ஆட்டி வைக்க வேண்டும் என்று சீமோர் பாப்பர்ட் 1980-லேயே 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தில் வாதாடிவிட்டார். அவரும் கூட்டாளிகளும் உருவாக்கிய லோகோ மொழியில் ஓர் ஆமைக்குக் கட்டளை போட்டுச் சதுரம் வரையலாம். கோணம் தப்பினால் சதுரம் மூடாது. தப்பு என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு, பி.காம்.காரனுக்கு எதுக்கு கோடிங்?" இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேய்மானக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இயந்திரம் 1,00,000 ரூபாய், வருஷம் 10 சதவீதம். நேர்கோட்டு முறையில் 10 வருஷத்தில் கணக்கு பூஜ்யம். குறைந்து செல் மதிப்பு முறையில்? 90,000, 81,000, 72,900... கையால் போடுவதால் இதோடு நிறுத்திவிடுவோம். பரீட்சைக்கு அது போதும். இதையே எக்செல்லில் ஒரே ஒரு சூத்திரம் எழுதிக் கீழே இழுத்துப் பாருங்கள். 7-வது வருஷம்தான் பாதிக்குக் கீழே இறங்குகிறது. 10 வருஷம் கழித்தும் 34,868 ரூபாய் நிற்கிறது. 50 வருஷம் இழுத்தாலும் 515 ரூபாய் பாக்கி! பூஜ்யத்தைத் தொடவே தொடாது. அப்படியானால் பழைய இயந்திரத்தைப் புத்தகத்திலிருந்து எப்படித்தான் கழற்றுவது என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது. அந்தச் சூத்திரமும் கோடிங்தான் சாமி. பைத்தானில் எழுதினால் நாலு வரி.

எங்கள் லேபில் நடப்பது வேறு. சீனியரின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து வரி பிசகாமல் காப்பியடிக்க வேண்டும். பிரிண்ட் அவுட்டை ஒட்ட வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டும். சூத்திரத்தில் 10-ஐ 15 ஆக மாற்றினால் என்ன ஆகும் என்று ஒரு முறைகூட யாரும் கேட்டதில்லை. (மாற்றினால் 10 வருஷத்தில் 19,687. வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.)

இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம்தான் இருக்கிறது, நெட் வரவில்லை என்பார்கள். லிப்ரே ஆபீஸ் இலவசம், நெட் இல்லாமலே ஓடும். ஒரே சிஸ்டத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இன்னும் நல்லது, சண்டை போட்டுக்கொண்டாவது யோசிப்பார்கள். ரெக்கார்ட் நோட்டுக்குத் தருகிற மார்க்கில் பாதியை, தப்பாகப் போன ஒரு கணக்கைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறவனுக்குக் கொடுங்கள். அடுத்த செமஸ்டரிலேயே செய்யலாம், இதற்குப் புது புரொஜெக்டர் எதுவும் வாங்க வேண்டாம்.