ஓரத்தில் நிற்கும் ஆள்

ஏதாவது ஒரு ராக் குழுவின் புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். பாடகர் நடுவில் நிற்பார். லீட் கிட்டார்காரர் தலைமுடியைப் பறக்கவிட்டிருப்பார். டிரம்மர் பின்னால் வியர்த்துக்கொண்டிருப்பார். ஓரத்தில் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல நிற்பார். அவர்தான் பேஸ் கிட்டாரிஸ்ட். "கிட்டார் ஒழுங்கா வராதவன் கையில நாலு தந்தியைக் கொடுத்து நிக்க வச்சிருக்காங்க" என்று காலேஜ் கல்ச்சுரல்ஸ் முடிந்து திரும்பும்போது யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார். உலகம் முழுக்க ஓடும் பழைய ஜோக் இது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒருவருடைய பிழைப்பே போய்க்கொண்டிருக்கிறது என்பதால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வாத்தியம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. சாதாரண கிட்டாரின் அடித்தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிரும். பேஸின் அடித்தந்தி அதில் பாதி, சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலியைக் காது கேட்பதைவிட நெஞ்சுக்கூடு அதிகம் உணரும். டிரம்மர் காலால் மிதிக்கும் தாளத்தையும் கிட்டாரின் கார்டுகளையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது இந்த அதிர்வுதான். கிட்டார் அதே கார்டை வாசித்துக்கொண்டிருக்கும்போது பேஸ் மட்டும் வேறு சுரத்துக்கு நகர்ந்தால் போதும், சிரித்துக்கொண்டிருந்த பாட்டு அழ ஆரம்பித்துவிடும்.

நம்பாதவர்கள் மெட்டாலிகாவிடம் போகலாம். அந்தக் குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் 1986-ல் ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டட் வந்தார். 1988-ல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் அவர் வாசித்த பேஸ் கிட்டத்தட்ட காதில் விழாத அளவுக்குக் குறைக்கப்பட்டது. இத்தனை வருடம் கழித்தும் ரசிகர்கள் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். சிலர் தாங்களே பேஸை ஏற்றி இணையத்தில் போட்டார்கள். இருக்கும்போது யாரும் கவனிக்காதது, இல்லாதபோது எல்லோருக்கும் உறுத்துகிறது. வீட்டில் அம்மா ஒரு வாரம் ஊருக்குப் போனால் தெரியுமே, அது மாதிரி.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை, புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. கோயிலில் தவில் கேட்டு வளர்ந்த யாருக்கும் பேஸ் புதிதில்லை. தவிலின் வலந்தலையில் விரல்கள் படபடக்கும்போது, இடப்பக்கத் தொப்பியில் குச்சியால் விழும் அடிதான் தெருவையே அதிரவைக்கிறது. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புவதும் அந்தக் கனத்த ஒலிக்காகத்தான்.

இன்னும் பக்கத்தில் வரலாம். கர்நாடக மேடையில் கஞ்சிராவுக்கு இடம் வாங்கிக்கொடுத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. உள்ளங்கை அகலமே கொஞ்சம் கூட இருக்கும் அந்தச் சின்ன வாத்தியத்தின் தோலில் தண்ணீர் தடவி, சுருதியை இறக்கி, அதற்குள்ளிருந்து கும்மென்று ஒரு அடிநாதத்தை வரவழைத்த பரம்பரை அது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பையன் பேஸ் கிட்டார் வாங்க ஆசைப்பட்டால் அது 'வெளிநாட்டு மோகம்' ஆகுமா?

சினிமாவும் அதையே சொல்லும். 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய இளையராஜாவின் பாடல்களில், குறிப்பாக எண்பதுகளில், பாடகருக்கு அடியில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டே போகும். டீக்கடை ரேடியோவில் கேட்டவர்கள் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்டால் பாட்டு புதிதாகப் பிறக்கும். அந்த வரிகளை வாசித்த சசிதரனின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்?

ஓரத்து ஆள் தலைவனாகவும் முடியும். பிளாக் சப்பாத்தின் பாடல் வரிகளில் பெரும்பங்கு பேஸ் வாசித்த கீஸர் பட்லர் எழுதியது. அயர்ன் மெய்டனை 1975-ல் ஆரம்பித்த ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் கிட்டாரிஸ்ட். புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் வேலைக்குப் போகும் அதே சிங்கப்பூரில், 1992-ல் தொடங்கிய 'ருத்ரா' என்ற மெட்டல் குழு இருக்கிறது. அதில் பாடுவதும் பேஸ் வாசிப்பதும் கதிர் என்ற தமிழரே. முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகங்களையும் மெட்டலோடு சேர்த்து 'வேதிக் மெட்டல்' என்று ஒரு பாதையே போட்டார்கள்.

சரி, காசு? மெட்டல் வாசித்து வீடு கட்ட முடியாது என்று பெற்றோர் சொல்வது சரிதான். டிகிரியை முடித்துவிட்டு வாசிப்பது புத்திசாலித்தனம். ஆனால் இங்கே வேறொரு கணக்கும் இருக்கிறது. பொருளாதாரப் பாடத்தில் துணைப் பொருட்கள் என்று ஒன்று வரும். டயரைத் தனியாக யாரும் ரசிப்பதில்லை, ஆனால் டயர் இல்லாத காருக்கு மதிப்பில்லை. பேஸ் அப்படிப்பட்ட பொருள்.

அதைப் புரிந்துகொள்ளாத இடத்தில்தான் நஷ்டம் தொடங்குகிறது. திருவிழா இன்னிசைக் கச்சேரிக்குப் பட்ஜெட் இடித்தால் பாடகரைக் குறைக்க மாட்டார்கள், டிரம்ஸைக் குறைக்க மாட்டார்கள். "பேஸைக் கீபோர்டுல இடது கையால சமாளிச்சுக்கலாம்" என்பார்கள். கொஞ்ச நாளில் அதுவும் போய் பென் டிரைவ் டிராக் வந்துவிடும். கூட்டத்தில் ஒருத்தரும் கேட்க மாட்டார். கேட்க ஆள் இல்லை என்று தெரிந்துதான் கைவைக்கிறார்கள். ஒரு கலைஞனின் ஒரு ராத்திரிச் சம்பளம் இப்படித்தான் சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

ஆகவே ரசிகர்களுக்கு மூன்று வேண்டுகோள். பிடித்த பாட்டைச் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள், அதற்கு 41 ஹெர்ட்ஸைக் கொடுக்கும் திராணி கிடையாது. கச்சேரியில் பாடகர் பெயருக்குத் தட்டிய கையை பேஸ்காரர் பெயருக்கும் தட்டுங்கள். விழாக் கமிட்டியில் இருக்கும் அண்ணன்கள் குழுவை புக் பண்ணும்போது "பேஸ் கிட்டார் உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவு எதுவும் கிடையாது. நாலு ஊரில் கேட்டுவிட்டால், அஞ்சாவது ஊருக்கு அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள்.