கோரிக்கை மனு: ஏ320 விமான நிறுத்தமும் புதுச்சேரிப் பயணிகளும்

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
விமானப் பயணிகள் நலச் சங்கம், புதுச்சேரி.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம், புதுடெல்லி.

நகல்: தலைமைச் செயலர், புதுச்சேரி அரசு, இயக்குநர், புதுச்சேரி விமான நிலையம், லாஸ்பேட்டை.

பொருள்: மென்பொருள் குறைபாட்டால் ஏ320 வகை விமானங்கள் நிறுத்தப்பட்டபோது பயணிகளுக்கு ஏற்பட்ட இழப்பு – விதிகளில் தெளிவும் முறையான அறிவிப்பும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2025 அக்டோபர் 30 அன்று மெக்சிகோவின் கான்கூனிலிருந்து அமெரிக்காவின் நியூவார்க் சென்ற ஜெட்புளூ நிறுவனத்தின் ஏ320 விமானம், விமானி எதுவும் செய்யாமலே மூக்கைக் கவிழ்த்துத் திடீரென இறங்கியது. விமானம் டாம்பாவில் தரையிறக்கப்பட்டு, காயமடைந்தோர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வால் பகுதி எலிவேட்டரையும் இறக்கையின் எய்லரானையும் இயக்கும் ‘எலாக்’ என்ற கணினியின் தரவுகளைக் கடும் சூரியக் கதிர்வீச்சு சிதைக்கக்கூடும் என்று, ஏ320-ஐத் தயாரிக்கும் ஏர்பஸ் நிறுவனம் நவம்பர் 28 அன்று அறிவித்தது. உலகெங்கும் சுமார் 6,000 விமானங்கள் இதில் அடங்கின. பெரும்பாலானவற்றுக்கு மென்பொருளின் முந்தைய பதிப்பை ஏற்றினாலே போதும். மற்றவற்றுக்குக் கணினியையே மாற்ற வேண்டியிருந்தது.

இந்தியாவில் 338 விமானங்கள். இண்டிகோவில் 200, ஏர் இந்தியாவில் 113, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 25. குறைபாட்டைச் சரிசெய்யாமல் இவற்றை இயக்கக் கூடாது என்று தங்கள் அலுவலகம் உடனே உத்தரவிட்டது. பொறியாளர்கள் இரவு பகல் பாராமல் உழைத்து ஓரிரு நாளில் பெரும்பகுதியை முடித்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. விமானங்களை நிறுத்தியதில் எங்களுக்குக் குறையேதும் இல்லை. நிறுத்தாமல் விட்டிருந்தால் இந்த மனுவை வேறு யாராவது வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

எங்கள் குறை வேறு. லாஸ்பேட்டை ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். 2024 டிசம்பர் முதல் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இங்கிருந்து செல்பவை ஏ.டி.ஆர். விமானங்கள். அவற்றில் இந்தக் குறைபாடு இல்லை. ஆகவே டெல்லியிலிருந்து பார்த்தால் புதுச்சேரிக்குப் பாதிப்பே இல்லை என்று தோன்றும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தச் சிறிய விமானத்தில் போய் அங்கே ஏ320-க்கு மாறுகிறார்கள். இல்லையேல் மூன்று மணி நேரம் காரில் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போகிறார்கள். பிரான்சில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு; அவர்களுக்கும் இதே வழிதான்.

நவம்பர் 29 அன்று நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற, ஊர் வழக்கில் ‘சொல்தா’ எனப்படும் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், பாரீசிலுள்ள மகளைப் பார்க்கப் புறப்பட்டார். சென்னை–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லி–பாரீஸ் தனி டிக்கெட். டிட்வா புயல் மழையில் கார் மரக்காணத்தைத் தாண்டும்போது, நேரம் மாறியதாகக் கைப்பேசியில் ஆங்கிலச் செய்தி. கல்பாக்கம் வந்தபோது, விமானம் ரத்து என்று இன்னொன்று. கவுன்ட்டரில் கொடுத்த சீட்டில் ‘ஆப்பரேஷனல் ரீசன்ஸ்’ என்று மட்டும் இருந்தது. புயலா, மென்பொருளா? அங்கிருந்த ஊழியருக்கும் தெரியவில்லை. பாரீஸ் டிக்கெட்டின் பணம் போயிற்று.

காரணம் தெரியாமல் உரிமை கேட்க முடியாது. தங்கள் விதிமுறைகளின்படி, உரிய முன்னறிவிப்பின்றி ரத்தாகும் உள்நாட்டு விமானத்துக்குப் பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் மிஞ்சாத அளவில், இழப்பீடு உண்டு. இயற்கைச் சீற்றம் என்றால் கிடையாது, அது நியாயமே. ஆனால் அதே விலக்குப் பட்டியலில் ‘விமானத்தைப் பாதிக்கும் அரசு உத்தரவு’ என்பதும் இருக்கிறது. தயாரிப்பாளரின் குறைபாட்டைச் சரிசெய்யத் தாங்கள் இட்ட உத்தரவையே காட்டி நிறுவனங்கள் நழுவிவிடலாம். பயணியைக் காக்கப் பிறந்த உத்தரவு அவர் பணத்துக்கே எதிராக நிற்பதா?

எனவே, தயாரிப்புக் குறைபாட்டால் பிறக்கும் உத்தரவுகள் அந்த விலக்கில் அடங்கா என்று எழுத்துமூலம் தெளிவுபடுத்த வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. நிறுவனங்கள் தங்கள் இழப்பைத் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெறட்டும். லட்சக்கணக்கான பயணிகளைவிட அவர்களுக்கு அது எளிது. ரத்துச் சீட்டில் உண்மைக் காரணத்தைக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பயணி வீட்டைவிட்டுக் கிளம்புமுன் சேரும்படி, தமிழிலும், கேட்பவர்களுக்குப் பிரெஞ்சிலும் செய்தி அனுப்பச் செய்ய வேண்டும். தனித்தனி டிக்கெட்டில் மாறிச் செல்வோருக்கு, இத்தகைய நாட்களிலாவது அடுத்த விமானத்தில் கூடுதல் கட்டணமின்றி இடம் தர விமான நிறுவனங்களைப் பணிக்க வேண்டும்.

பாதுகாப்பு குறித்தும் ஒன்று. 338 விமானங்களில் எத்தனைக்குக் கணினி மாற்றப்பட்டது, இதற்குமுன் இத்தகைய நிகழ்வு இந்தியாவில் பதிவாகியுள்ளதா என்பதைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். சூரியனைக் கவனிக்க நம்மிடம் ஆதித்யா எல்1 விண்கலம் உள்ளது. கொடைக்கானலில் நூற்றாண்டு கடந்த சூரிய ஆய்வுக்கூடம் உள்ளது. இவற்றின் தகவல்கள் விமான நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு எவ்வழியில் செல்கின்றன என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், எங்கள் பிரதிநிதிகளை நேரில் சந்திக்க லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஒரு நாள் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: புதுச்சேரி
நாள்: டிசம்பர் 2025