இளவேனிலுக்கு ஒரு பூப்பெட்டி



குளிர்நாட்டுப் பெண்கள் மாடத்தில் ஒரு பெட்டி வைத்து, பனி வருமுன்னரே பூங்கிழங்குகளைப் புதைத்து விடுவார்கள். பனி கரைந்ததும் முதல் பூ அங்கேதான் தலைகாட்டும். எங்கள் ஊருக்குப் பனியில்லை, மாரிதான் கணக்கு. மழை ஓயும் தை மாதத்தில் விதைத்தால் பங்குனியில் பூக்கும். கச்சான் காற்று கடுமையாவதற்கு முன், சித்திரை முழுவதும் வாசலில் நிறம் இருக்கும்.

ஏன் பெட்டியில்?

2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் கந்தளாய்க்கு ஓடியவர்கள் வளவையும் மரத்தையும் விட்டுவிட்டே போனார்கள். சம்பூர் மக்கள் பலர் தம் காணிக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருந்தார்கள். பிறர் காணியில் இருப்பவளுக்கு மரம் நட மனம் வராது. ஆனால் பெட்டிக்குக் காணி உறுதி தேவையில்லை. வீடு மாறினால் அதுவும் கூடவே வரும்.

பெட்டியும் மண்ணும்

மீன் வரும் றெஜிபோம் பெட்டி, பழைய பலகைப் பெட்டி, உடைந்த வாளி எதுவும் போதும். ஆழம் 8 முதல் 10 அங்குலம் இருக்கட்டும். மீன் பெட்டியானால் உப்புப் போக நன்றாகக் கழுவுங்கள். அடியில் விரல் நுழையும் அளவில் ஐந்தாறு துளைகள் இடுங்கள். இரண்டு செங்கல்லின் மேல் வைத்தால் நீர் தேங்காது.

மேல்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, காய்ந்து மட்கிய மாட்டெரு ஒரு பங்கு கலவுங்கள். ஒரு பிடி உமிக்கரி சேர்த்தால் மண் இறுகாது. மண்ணை உங்கள் வளவிலேயே எடுங்கள். ஆளில்லாத பற்றைக்காணியிலும் பழைய காவலரண் இருந்த இடத்திலும் மண்வெட்டி போட வேண்டாம். வெடிபொருள் மிஞ்சியிருக்கக்கூடும்.

எதை நடலாம்?

பின்வரிசையில் சீனியா, விதைத்து இரண்டு மாதத்தில் பூக்கும். கன்று அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை விட்டுப் பூ பெருகும். நடுவில் காசித்தும்பை, அதற்குக் கடும் வெயில் ஆகாது, பிற்பகலில் நிழல் வேண்டும். முன் ஓரத்தில் பத்துமணிப்பூ. தண்டை ஒடித்து ஊன்றினாலே வேர் பிடிக்கும்.

தண்ணீர் குறைந்த வீட்டுக்கு நித்தியகல்யாணி நல்லது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தரும் செடி அது. ஆனால் இலை நஞ்சு. குழந்தையும் ஆடும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

தண்ணீரும் நுளம்பும்

காலையில் ஊற்றுங்கள். அரிசி கழுவிய நீர் ஆகும். சவர்க்கார நீர் ஆகாது.

2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். பூச்சாடித் தட்டில் தேங்கும் நீரும் அந்த நுளம்புக்குப் போதும். முட்டை நுளம்பாகப் பத்து நாள்கூட வேண்டியதில்லை. ஆகவே தட்டே வைக்காதீர்கள். வைத்தால் வாரம் இருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீர் பட்டதும் பொரிக்கும்.

பூ எதற்கு?

உலைக்கு அரிசி தேடும் வீட்டில் பூ எதற்கு என்று ஒரு சகோதரி கேட்கலாம். நியாயமான கேள்வி. பெட்டியின் ஒரு மூலையில் இரண்டு கொச்சிக்கன்று வையுங்கள், அது கறிக்கு. மற்ற இடம் உங்களுக்கு. நாள் முழுவதும் பிறருக்காக உழைக்கும் கை, பத்து நிமிடம் தனக்கென்று ஒரு செடியைத் தொடட்டும்.

வாடிய பூவை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். கடைசிப் பூக்கள் நாலைந்தை மட்டும் செடியிலேயே முற்றவிட்டு, விதையைக் காயவைத்துக் கடதாசியில் மடித்து வையுங்கள். பாதி உங்களுக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு.