மணிக்கட்டுக் கருவி: எதற்காக வாங்கலாம், எதற்காகக் கூடாது?

எங்கள் இதயநோய்ப் பிரிவுக்கு வருவோர் முன்பெல்லாம் இ.சி.ஜி. தாளையும் மருந்துச் சீட்டையும் எடுத்து நீட்டுவார்கள். இப்போது பலர் முதலில் நீட்டுவது மணிக்கட்டை. “நேற்றிரவு 110 காட்டியது டாக்டர், உறக்கமே வரவில்லை” என்கிறார் ஒருவர். “அப்பாவுக்கு இப்படி ஒன்று வாங்கிக் கட்டிவிடலாமா?” என்று கேட்கிறார் உடன் வந்த மகள். ஃபிட்னஸ் பேண்ட் எனப்படும் இக்கைப்பட்டைகள் ரூ.1,500 முதல் ரூ.3,000 வரையிலான விலையில் கிடைக்கின்றன. இவற்றைப் பற்றி எங்கள் கருத்து இதுதான்: நடைக்குத் துணையாக வாங்கலாம், நோயைக் கண்டறியும் கருவி என்று நம்பி வாங்கக் கூடாது.

அண்மையில் நேர்ந்த ஒன்றே இதை எழுதத் தூண்டியது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் ஏற்பட்டன. கைப்பட்டையைப் பார்த்திருக்கிறார், துடிப்பு 78. “சரியாகத்தானே இருக்கிறது, வாயுத் தொல்லையாக இருக்கும்” என்று மனைவியையும் தேற்றிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் எங்களிடம் வந்தபோது மாரடைப்பு ஏற்பட்டுப் பல மணி நேரம் கடந்திருந்தது. அடைப்பை நீக்கினோம், உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குள் இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. கருவி தவறாகக் காட்டவில்லை. மாரடைப்பின்போதும் துடிப்பின் எண்ணிக்கை இயல்பான அளவிலேயே இருக்கக்கூடும். இரத்தக்குழாய் அடைபட்டிருப்பதை அறியும் வழி எதுவும் அக்கருவியில் இல்லை.

அது செய்வது மிக எளிய வேலை. பட்டையின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலின் மீது பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் அங்கே இரத்தம் கூடிக் குறைவதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அம்மாற்றத்தை எண்ணியே கருவி துடிப்பைக் கணக்கிடுகிறது. அமைதியாக அமர்ந்திருக்கையில் இக்கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கையை வேகமாக வீசினாலோ, பட்டை தளர்ந்திருந்தாலோ, கை குளிர்ந்திருந்தாலோ பிழை நேரும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு எல்லாத் துடிப்பும் மணிக்கட்டை எட்டுவதில்லை. ஆகவே எண்ணிக்கை குறைவாகக் காட்டக்கூடும்.

விலையுயர்ந்த கடிகாரங்களுக்கும் எல்லை உண்டு. ஆப்பிள் கடிகாரத்தைக் கொண்டு அமெரிக்காவில் 4,19,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. ஒழுங்கற்ற துடிப்பு என எச்சரிக்கை பெற்றோரில், பின்னர் இ.சி.ஜி. ஒட்டுக் கருவியை அணிந்து திருப்பி அனுப்பியவர்களுள் 34 விழுக்காட்டினருக்கே அப்போது அக்கோளாறு பதிவாயிற்று. ஏனையோருக்கு நோயே இல்லை என்றும் கூற இயலாது. இத்துடிப்பு வந்து வந்து மறையும் இயல்புடையது. எனவே எச்சரிக்கை வந்தால் அஞ்சவும் வேண்டாம், புறக்கணிக்கவும் வேண்டாம், ஓர் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

மலிவான கைப்பட்டைகள் காட்டும் இரத்த அழுத்த எண்ணைக் கொண்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். ஊசியின்றிச் சர்க்கரை அளவைக் காட்டுவதாகக் கூறும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாமென்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இன்சுலின் போடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் இதனால் என்ன பயன்? நடக்க வைக்கிறது. நேற்றைவிட இன்று குறைவாக நடந்தோம் என்று தெரிந்தால் மாலையில் ஒருமுறை தெருமுனைவரை சென்றுவரத் தோன்றும். பத்தாயிரம் அடிகள் என்னும் இலக்கைக் கண்டு மலைக்க வேண்டாம். அது 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் கூறுவது வாரத்திற்கு 150 நிமிடங்கள் மிதமான உழைப்பு. இரண்டாயிரம் அடிகளில் தொடங்கி, உங்கள் மருத்துவர் கூறும் அளவில் வாரந்தோறும் சிறிது கூட்டினால் போதும். மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைப்பவை. அவற்றை உட்கொள்வோர், வயதைக் கொண்டு கருவி கணக்கிடும் துடிப்பு இலக்கை எட்ட முயல வேண்டாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே உங்களுக்கு ஏற்ற வேகம்.

கையிலுள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முழங்கைக்கு மேல் கட்டி அளக்கும் இரத்த அழுத்தக் கருவியை முதலில் வாங்குங்கள். நாடி பார்க்கச் செலவே இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து 30 விநாடிகள் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு சீராக இல்லையெனில் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. மாடிப்படி, காய்ச்சல், கவலை எதுவும் அதை உயர்த்தும். மணிக்கொருமுறை பார்ப்பதே உங்களைக் கலங்கச் செய்தால், கருவியைக் கழற்றி வைப்பதே மருந்து.

நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வந்து பார்த்து, வாயுத் தொல்லைதான் என்று தெரிந்தால், உங்களை வீட்டுக்கு அனுப்பிவைப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.