பிலிம் கையிலேயே இருக்கட்டும்!

நம்மிடம் பத்தாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் சென்ற ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்திருந்தான். இப்போது அவன் மீசை வைத்த உத்தியோகஸ்தன். கலியாணமாகி மூன்று மாதந்தான் ஆகிறது. மனைவியுடன் பாரிஸ் மாநகருக்குப் பிரயாணம் புறப்படுகிறானாம். சொல்லிக்கொண்டு போக வந்தவன், பையிலிருந்து பழைய காமிரா ஒன்றை எடுத்துக் காட்டினான். அவனுடைய பாட்டனார் உபயோகித்தது.

"ஸார், செல்போனில் ஆயிரம் படம் எடுக்கிறோம், ஒன்றையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தப் பிரயாணத்திலாவது பிலிம் போட்டு எடுக்கலாமென்று எண்ணியிருக்கிறேன். பத்து ரோல் வாங்கிப் பெட்டியில் வைத்தாகிவிட்டது" என்றான்.

"எந்தப் பெட்டியில்?" என்று கேட்டோம்.

"பெரிய பெட்டியில்தான். விமானத்தில் சாமான்களோடு போய்விடும்."

நமக்குச் சுரீர் என்றது. அவனை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்து, பினாங்குச் சமாசாரத்தைச் சொன்னோம். அவனுக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். பரணில் கிடந்த பிலிம் காமிராவைத் தூசி தட்டி எடுக்கும் இளைஞர்கள் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள் அல்லவா?

நமது தமக்கையார் பினாங்கில் வாழ்க்கைப்பட்டவர். நமக்குப் பதினைந்து வயது மூத்தவர். தாயாரைப் போல் நம்மை வளர்த்தவர். அவருக்கு உடல் நலமில்லை என்று தெரிந்து, 2018-ம் வருஷம் அரைப் பரீட்சை விடுமுறையில் போய்ப் பார்த்து வந்தோம். பத்து நாட்கள் இருந்தோம். அக்காள் அடுப்பங்கரையில் நின்றது, பேத்திக்குத் தலை பின்னியது, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும்போது படிக்கட்டின் அடியில் இளைப்பாறியது எல்லாவற்றையும் ஒரு ரோலில் எடுத்தோம். அது முடிந்ததும் இரண்டாவது ரோலைப் போட்டு, புறப்படுகிற அன்று காலை வாசற்படியில் எட்டுப் படங்கள் எடுத்தோம்.

முதல் ரோலை மிகவும் பத்திரப்படுத்தினோம். பிஸ்கோத்து டப்பாவில் போட்டு, வேஷ்டியில் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் வைத்துப் பூட்டினோம். இரண்டாவது ரோல் காமிராவோடு நமது தோளில் தொங்கிற்று.

சென்னைக்கு வந்து இரண்டையும் கழுவக் கொடுத்தோம். தோளில் வந்த எட்டுப் படங்களும் பழுதில்லாமல் வந்தன. பூட்டிக் கொண்டுவந்த ரோல் முழுவதும் அலை அலையாகச் சாம்பல் நிறப் பட்டைகள் படிந்திருந்தன. அவற்றின் பின்னால் அக்காள் எங்கேயோ மங்கலாக நின்றார். ஸ்டூடியோக்காரர் நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பெட்டியில் போட்டுச் சாமானோடு அனுப்பினீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். குற்றம் அவருடையதன்று, விமானத்தாருடையதும் அன்று. நம்முடையது. மறு வருஷம் அக்காள் காலமானார். எடுத்த படங்களில் நம்மிடம் மிஞ்சியவை அந்த எட்டுத்தான்.

ஏன் இப்படி நேர்ந்தது? பிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு ஒன்று உண்டு. அதில் வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்கள் கலந்திருக்கின்றன. காமிராவின் கண் திறந்து மூடும் அந்தக் க்ஷணத்தில், வெளிச்சம் பட்ட துகள்களில் கண்ணுக்குப் புலப்படாத அடையாளம் ஒன்று விழுகிறது. இருட்டறையில் மருந்து நீரில் நனைக்கும்போதுதான் அந்த அடையாளம் வளர்ந்து உருவமாகிறது. அதுவரையில் பிலிமுக்கு வெளிச்சம் வேறு, எக்ஸ்-ரே வேறு என்ற பேதம் தெரியாது. எது பட்டாலும் எழுதிக்கொள்ளும், எழுதியதன்மேலும் எழுதிக்கொள்ளும். கழுவி முடித்து, மிச்சமுள்ள வெள்ளி உப்பை நீக்கிய பிறகோ எக்ஸ்-ரேயால் அதற்கு யாதொரு தீங்கும் இல்லை. ஆபத்தெல்லாம் கழுவுவதற்கு முந்திய காலத்தில்தான் இருக்கிறது.

விமானத்தின் அடியில் போகும் பெட்டிகளைச் சோதிக்கும் யந்திரங்கள் வலிமை மிக்கவை. கழுவாத பிலிமை ஒருபோதும் அந்தப் பெட்டியில் வைக்கலாகாது. கைப்பையைச் சோதிக்கும் பழைய யந்திரங்கள் அத்தனை கொடியவை அல்ல. வேகம் குறைந்த பிலிம் சில தடவை அவற்றினூடே போய்வந்தாலும் பிழைத்துக்கொள்ளும். நமது எட்டுப் படங்கள் பிழைத்தது அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு சோதனையின் பாதிப்பும் முந்தியதோடு சேர்ந்துகொண்டே போகும். ஐ.எஸ்.ஓ. 800-ம் அதற்கு மேற்பட்டதுமான பிலிமுக்கு அந்தத் தைரியமும் கூடாது.

அண்மைக் காலமாகப் பல விமான நிலையங்களில் கைப்பைகளுக்கே ஸி.டி. ஸ்கான் யந்திரங்களை அமைத்து வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பதைப் போலப் பல திசைகளிலிருந்தும் படம் பிடிக்கும் யந்திரம் அது. அதில் ஒரே ஒரு தடவை போய்வந்தாலும் பிலிம் கெட்டுவிடக்கூடும் என்று பிலிம் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள்.

ஆகவே, செய்ய வேண்டியது இதுதான். ரோல்களையெல்லாம் உள்ளே தெரியும்படியான பை ஒன்றில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சோதனைச் சாவடியில், யந்திரத்தில் வைப்பதற்கு முன்பாகவே, "இது கழுவாத பிலிம், தயவுசெய்து கையால் சோதித்துப் பாருங்கள்" என்று பணிவாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் அப்படிக் கேட்கப் பிரயாணிகளுக்கு இடமளித்திருக்கிறார்கள். வேறு பல இடங்களில் அது உத்தியோகஸ்தரின் மனத்தைப் பொறுத்தது. சீக்கிரமே போய்விட்டால், அவருக்கும் பொறுமை இருக்கும். நமக்கும் அவகாசம் இருக்கும். காமிராவுக்குள் பாதியில் நிற்கும் ரோலுக்கும் இதே கதிதான் என்பதால், நிலையத்துக்குப் போகுமுன்பே அதை எடுத்து முடித்துவிடுவது நலம். ஈயப் பையில் போட்டு மறைக்கலாமென்று சிலர் யோசனை சொல்வதுண்டு. திரையில் கறுப்பாகத் தெரியும் பொருளை யார் சும்மா விடுவார்கள்? திறந்து காட்டச் சொல்வார்கள், அல்லது மறுபடியும் யந்திரத்தில் விடுவார்கள்.

எல்லாவற்றிலும் சிறந்த வழி, போன ஊரிலேயே கழுவிவிடுவது. கலர் நெகடிவ் பிலிமைக் கழுவும் ஸி-41 என்ற முறை 1972-ல் வந்தது. பாரிஸ் ஆனாலும் டோக்கியோ ஆனாலும் சென்னை ஆனாலும் முறை அதுவேதான். நல்ல கடை ஒன்றை விசாரித்து, முதலில் ஒரு ரோலை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். திருப்தியானால் மற்றவற்றையும் கொடுக்கலாம். நெகடிவைத் திருப்பித் தர வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். கழுவிய நெகடிவை எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் வைத்துக் கொண்டுவரலாம்.

அவகாசமில்லையென்றால், ஒவ்வொரு ரோலின் மேலும் ஊரும் தேதியும் எழுதி, கையோடு கொண்டுவந்து உடனே கழுவக் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பலாமென்றால், பார்ஸல்களையும் எக்ஸ்-ரே யந்திரத்தில் விடுவது உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு மேஜை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவதும் கெடுதிதான். நம் நாட்டு வெயிலும் புழுக்கமும் யந்திரத்தைப் போல ஒரே நொடியில் கெடுக்கமாட்டா. மெள்ள மெள்ளக் கெடுக்கும்.

"ஒரு பிலிமுக்கு இத்தனை ஜாக்கிரதையா, ஸார்?" என்று சிரித்தான் பையன். அவனுக்கு ஒரு சரித்திரம் சொன்னோம்.

ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த ஆண்ட்ரே என்பவர், 1897-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி, இரண்டு தோழர்களுடன் ராக்ஷஸப் பலூன் ஒன்றில் வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். மூன்றாவது நாளே பலூன் பனிக்கட்டியின்மீது இறங்கிவிட்டது. மூவரும் மாதக்கணக்கில் பனியில் நடந்து, வெள்ளைத் தீவு என்ற ஆளில்லாத தீவை அடைந்து, அங்கேயே மாண்டார்கள். அவர்களில் ஸ்ட்ரிண்ட்பர்க் என்ற இளைஞர்தான் படம் எடுத்தவர். ஊரில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டு வந்தவர். 1930-ல் அத்தீவில் அவர்களுடைய உடல்களும் நாட்குறிப்புகளும் பிலிம்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற நிபுணர், 33 வருஷம் பனியில் கிடந்த அந்தப் பிலிம்களை மிகுந்த பொறுமையோடு கழுவினார். 240 படங்களுக்கான பிலிமில் 93 படங்கள் உயிர் பெற்றன. விழுந்து கிடக்கும் பலூனும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இருவரும் அவற்றில் ஒன்று. எடுத்தவர் அதைப் பார்க்கவில்லை, உலகம் பார்த்தது.

துருவத்துப் பனி 33 வருஷம் காத்துக் கொடுத்ததை, நமது பூட்டிய பெட்டி நான்கு மணி நேரம் காக்கவில்லை. பொத்தானை அமுக்கியதும் படம் நம்முடையதாகிவிட்டது என்று நினைத்தோம். அது பாதி வேலைதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்த எட்டுப் படங்களையும் பார்க்க வேண்டுமென்றான். எடுத்துக் காட்டினோம். கடைசிப் படத்தில் அக்காள், "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே கையை உயர்த்தி முகத்தை மறைக்கப் பார்க்கிறார். ஆனால் சிரிப்பு மறையவில்லை. அதை மட்டும் வெகு நேரம் கையில் வைத்திருந்தான்.

மறுநாள் டெலிபோனில் கூப்பிட்டான். "பத்து ரோலும் தோள்பைக்கு வந்துவிட்டன, ஸார்" என்றான். "சௌக்கியமாய்ப் போய் வா, தம்பி. ஊருக்குத் திரும்பியதும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பிலிமைக் கழுவக் கொடுத்துவிடு" என்றோம்.