ஓசூர்க் குளிரும் ஒட்டுத்துணிப் போர்வையும்

பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால் பாட்டு கேட்பது, கிரிக்கெட், தபால்தலை சேகரிப்பு என்று பதில் வரும். "துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால்? "நல்லா இருக்கிற துணியை எதுக்குங்க வெட்டி, மறுபடி தைக்கணும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலும் இருக்கிறது.

குயில்டிங் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இந்த வேலையில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே துண்டுகளை இணைத்த வண்ணத்துணி, நடுவில் பஞ்சு அல்லது பழைய போர்வை, அடியில் ஒரே துணி. மூன்றும் நழுவாமல் இருக்க, குறுக்கும் நெடுக்குமாக ஊடுதையல். அவ்வளவுதான்!

இதை அமெரிக்கப் பாட்டிமார் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் ஜூஜூவாடி எல்லையைத் தாண்டினால் வரும் கர்நாடகத்தில் இதற்கு 'கௌதி' என்று சொந்தப் பெயரே இருக்கிறது. பழைய சேலைகளை அடுக்கித் தைப்பது அது. உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், இதையே 'கவந்தி' என்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவுக்கு வருவது அவர்கள் பாணி. நான்கு மூலையிலும் மடித்த துணியால் 'பூ' வைக்காமல் போர்வை முடிந்ததாக அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. வங்காளத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்தது காந்தா. நம் பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? 2019-ல் சென்னையில் இந்தியா குயில்ட் திருவிழாவே நடந்தது.

சொல்லப்போனால் இந்தப் பொழுதுபோக்குக்கென்றே அமைந்த ஊர் ஓசூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழி இரவில் போர்வை இல்லாமல் தூங்க முடியாது. தையல் கடைகளில் வெட்டித் தள்ளிய துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். வகைவகையான துணி வேண்டுமென்றால் 40 கிலோமீட்டரில் பெங்களூரு, அங்கே சிக்பேட்டை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே தெருவில் பேசும் ஊர் என்பதால் ஊரே ஓர் ஒட்டுப்போர்வைதான்!

இனி சந்தோஷங்கள். கிழிந்த சேலையின் முந்தானை, குழந்தைக்குச் சின்னதாகிப்போன கவுன், அப்பாவின் பழைய வேட்டிக் கரை எல்லாம் ஒரே போர்வையில் சேர்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று தரையில் பரப்பி வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கிற நேரம் கோலம் போடுகிற சுகத்துக்குச் சமம்.

எரிச்சல்கள்? அதுதான் பெரிய பட்டியல். ஐந்தடிக்கு ஏழடிப் போர்வைக்கு ஆறு அங்குலச் சதுரங்கள் வைத்தால் 140 துண்டு வேண்டும். தையலுக்காக எல்லாப் பக்கமும் கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். ஒவ்வொரு சதுரமும் இரண்டே மில்லிமீட்டர் பிசகினால், பத்துச் சதுர வரிசையில் இரண்டு சென்டிமீட்டர் எகிறிவிடும். மூலைகள் ஒன்றோடொன்று சேராது. பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. டைட்டன் கடிகாரமும் டிவிஎஸ் வண்டியும் நுணுக்கமான அளவில் தயாராகிற ஊரில், வீட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டுவது வேடிக்கைதான்.

பனியன் துணி மலிவு என்று வாங்கினால் அது இழுபட்டு வளைந்துபோகும். சிவப்புத் துணியை முதலிலேயே ஊறவைத்து அலசாவிட்டால், முதல் சலவையிலேயே சாயம் இறங்கி வெள்ளைத் துண்டெல்லாம் ரோஜா நிறமாகிவிடும். கடைசியில், மூன்றடுக்குப் போர்வையைச் சுருட்டி வீட்டுத் தையல் மெஷினுக்குள் நுழைப்பதற்குள் ஊசி உடையும், பொறுமை அதற்கு முன்பே உடையும்.

இத்தனையையும் விடப் பெரிய எரிச்சல் மெஷினிலிருந்து வருவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. "கடையில சில நூறு ரூபாய்க்கே கம்பளி கிடைக்குதேக்கா, இதுக்கா மூணு மாசம்?" என்பது ஒன்று. "அழகா இருக்கே, வித்தா என்ன கிடைக்கும்?" என்பது இன்னொன்று. முதலாவது கேலி, இரண்டாவது பாராட்டு. ஆனால் இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்: இந்த நேரத்துக்கு என்ன விலை?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு போர்வைக்கு நூறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய் போட்டாலும் கூலி மட்டும் 5,000 ரூபாய். அந்த விலைக்கு வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். விலையைக் குறைத்தால் கூலி அடிபடும். கூலி அடிபடாமல் இருக்க வேகமாகத் தைத்தால் பொழுதுபோக்கு இன்னொரு ஷிப்டாகிவிடும்.

விற்பதே தப்பு என்று சொல்ல முடியாது. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. பழைய தையல்கள் தெரிந்த பாட்டிமார் ஒருசிலரே மிஞ்சியிருந்தார்கள். அவர்களிடமிருந்து கற்று, 'போர்கை' என்ற கைவினைஞர் சங்கமாகச் சேர்ந்து, தைத்ததை விற்றதால்தான் அந்தக் கலை மீண்டது. லம்பாடிப் பேச்சில் போர்கை என்றால் பெருமை. அங்கே விற்பனை கலையைக் காப்பாற்றியது, வீட்டுக்கு வருமானமும் தந்தது.

ஆனால் அது தொழில். தொழிலுக்கு நியாயமான விலை வேண்டும். பொழுதுபோக்குக்கு வேண்டியது வேறு. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கம்பெனியில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு இருக்கிறது. கம்பெனி பஸ் வரும் நேரம், டீ நேரம், ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ். வீட்டுக்கு வந்தால் சமையலுக்கும் துவைப்பதற்கும் கணக்கு. அவள் ராத்திரியில் தைக்கும் அந்த அரைமணி நேரத்தை மட்டும்தான் யாரும் எண்ணுவதில்லை. அதையும் ரூபாயாக மாற்றச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆண்கள் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் "இதில் என்ன வருமானம்?" என்று யாரும் கேட்பதில்லை. தையல்காரியிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

அடுத்த முறை யாராவது ஒட்டுத்துணிப் போர்வையை விரித்துக் காட்டினால் விலையை விசாரிக்காதீர்கள். "இந்தப் பச்சைத் துண்டு எந்தச் சேலை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர அரைமணி நேரம் ஆகும். கேட்கலாம், தப்பில்லை.